கப்பல் சீட்டுக்குள் இருக்கும் காசு



மூன்று இரவு உல்லாசக் கப்பல் பயணம், ஆளுக்கு 1,500 வெள்ளி என்று ஒரு பயண முகவர் விலை சொல்கிறார். அதே கப்பல், அதே நாள், அதே அறை. கப்பல் நிறுவனத்திடம் நேரே கேட்டாலும் பெரும்பாலும் அதே 1,500 வெள்ளிதான். முகவர் தம் கூலியென்று நம்மிடம் தனியாக ஒரு காசும் கேட்பதில்லை. ஆனாலும் அவர் கடைக்கு வாடகை கொடுக்கிறார், கிராணிக்குச் சம்பளம் கொடுக்கிறார், தம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். ஆதாயம் இல்லாமல் ஆற்றைக் கட்டி இறைப்பவர் யாரும் இல்லை. அப்படியானால் அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. அண்மைக் காலமாக நம் கேமரன் மலைத் தோட்டங்களிலும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பட்டணங்களிலும் உள்ள குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் கப்பல் பயணம் போக ஆசைப்படுகின்றன. கிள்ளான் துறைமுகத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் உல்லாசக் கப்பல்கள் வந்து போகின்றன. கூட்டுப் பணம் கட்டியும், பிள்ளைகள் அனுப்பும் பணத்தை எடுத்து வைத்தும், ஓய்வுபெற்ற அப்பாவின் சேமநிதியில் கொஞ்சம் எடுத்தும் இந்தப் பயணத்துக்குச் சேர்க்கிறார்கள். மலையேறி இறங்கி உழைத்த காசு. அது எந்தக் கை வழியாகப் போகிறது, எந்தக் கையில் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்துகொள்வது நம் உரிமை.

கப்பல் சீட்டில் கமிஷன் என்பது நமக்குப் புதிய செய்தியும் அன்று. நம் குடும்பங்களில் பல இந்த நாட்டுக்கு வந்ததே ஒரு கமிஷனால்தான். முதலில் அந்தக் கதையைப் பார்ப்போம்.

கங்காணி வாங்கிய காசு

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் முடிவுக்கு வந்தது. அதன் பின் தமிழகத்து ஊர்களிலிருந்து ஆள் கொண்டுவந்த பெரிய வழி கங்காணி முறையே. தோட்டத்தில் வேலை செய்த ஒருவரை, ஆள் சேர்க்கும் உரிமச் சீட்டுக் கொடுத்து, துரை அவருடைய சொந்த ஊருக்கு அனுப்புவார். அவர் தம் உறவு, தெரிந்தவர், பக்கத்து ஊர்க்காரர் என்று ஆள் திரட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ வருவார். அங்குள்ள முகாமில் சில நாள் தங்கல். பிறகு கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் பல நாள் பயணம். பினாங்கிலோ, அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கினால், நோய்த்தடுப்பு முகாம். அதற்குப் பிறகுதான் தோட்டம்.

இந்தக் கப்பல் சீட்டுக்குக் காசு கொடுத்தது யார்? தொடக்கக் காலத்தில் அந்தச் செலவு தொழிலாளியின் தலையில் கடனாக ஏறி, சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. 1907-இல் தமிழர் குடிவரவு நிதி என்று ஒன்று அமைந்தது. இந்தியத் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள் எல்லாரிடமும், ஆள்கள் செய்த வேலை நாள் கணக்கில் வரி வாங்கி, அந்த நிதியிலிருந்து கப்பல் கட்டணம் செலுத்தப்பட்டது. ஏறியவருக்குச் சீட்டு இலவசம்.

கங்காணிக்கும் அவர் கொண்டுவந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று கமிஷன் உண்டு. பல தோட்டங்களில், அவர் ஆள்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்கள் என்று கணக்கிட்டு நாள்தோறும் தலைக்காசும் கொடுத்தார்கள். கவனியுங்கள். கப்பல் ஏறியவர் கங்காணிக்குக் கூலி கொடுக்கவில்லை. கொடுத்தது தோட்டம். ஆகவே கங்காணியின் வாய் தோட்டத்துக்காகப் பேசியது. மலாயாவில் காசு மரத்தில் காய்க்கிறது என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியதற்கு இந்தத் தலைக்குக் காசு முறையும் ஒரு காரணம். எல்லாக் கங்காணிகளும் பொய் சொன்னார்கள் என்று நான் எழுத வரவில்லை. கஷ்டத்தில் கிடந்த சொந்தக்காரரை உண்மையான பாசத்தோடு அழைத்து வந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஆள் கூடக்கூடக் காசு கூடும் என்றிருக்கும்போது, நல்ல மனிதருடைய பேச்சிலும் கொஞ்சம் சர்க்கரை கூடிப்போகும்.

இந்த ஏற்பாட்டை அரசாங்கங்களும் கட்டுப்படுத்தப் பார்த்தன. இந்தியாவில் 1922-இல் குடியேற்றச் சட்டம் வந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம், பிறர் செலவில் மலாயாவுக்கு உடலுழைப்புத் தொழிலாளர் அனுப்புவதையே தடை செய்தது. நம் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கினார். ஆக, இந்த மலையில் தேயிலை வேரூன்றிய முதல் பத்தாண்டும் கங்காணி ஆள்சேர்ப்பின் கடைசிப் பத்தாண்டும் ஏறக்குறைய ஒன்றே.

பிறகு ‘ரஜூலா’ கப்பலிலும், 1970-களில் ‘சிதம்பரம்’ கப்பலிலும் நம் மக்கள் தங்கள் சொந்தக் காசில் சீட்டு வாங்கி ஊருக்குப் போய் வந்தார்கள். 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அதோடு அந்தக் கப்பலின் ஓட்டம் நின்றது. இன்று ஊருக்குப் போக விமானம். கப்பல் என்றால் உல்லாசப் பயணம். காலம் மாறிவிட்டது. ஆனால் ஏறுகிறவர் ஒருவர், ஏற்றிவிடுகிறவருக்குக் காசு கொடுப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

ஒரு சீட்டைப் பிரித்துப் பார்ப்போம்

இனி இன்றைய கணக்குக்கு வருவோம். முகவருக்குக் கூலி கொடுப்பது கப்பல் நிறுவனம். விற்ற சீட்டில் நூற்றுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. தொடக்க நிலையில் உள்ள முகவருக்கு நூற்றுக்குப் பத்து என்பது உலகில் பரவலாக உள்ள வழக்கம். ஆனால் இந்தப் பத்து முழுச் சீட்டு விலைக்கும் அன்று. இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள்.

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தராசில் ஏறுவது கூடையும் கொழுந்தும் சேர்ந்த எடை. கூலி கொடுப்பதோ கூடையின் எடையைக் கழித்த பிறகு நிற்கும் கொழுந்துக்கு மட்டும். கப்பல் சீட்டிலும் அப்படியே ஒரு கழிவு உண்டு. சீட்டு விலைக்குள் மூன்று பங்குகள் இருக்கின்றன.

முதல் பங்கு அறைக் கட்டணம். படுக்கை, சாப்பாடு, கப்பல் ஓட்டம் எல்லாம் இதில் அடக்கம். கமிஷன் இதற்குத்தான்.

இரண்டாவது, துறைமுகக் கட்டணமும் அரசாங்க வரிகளும். கப்பல் நிறுவனம் இதை வாங்கி வேறிடத்தில் கட்ட வேண்டும். இதற்குக் கமிஷன் கிடையாது.

மூன்றாவது, கட்டணத்திலேயே ஒரு பகுதியை ‘இதற்குக் கமிஷன் இல்லை’ என்று பல நிறுவனங்கள் பிரித்து வைக்கின்றன. வாங்குகிற நமக்கு இது கண்ணில் படாது. முகவரின் கணக்கில்தான் தெரியும்.

நான் ஓர் உதாரணக் கணக்குப் போடுகிறேன். இவை எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல, புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். 1,500 வெள்ளியில் அறைக் கட்டணம் 1,050 வெள்ளி, துறைமுகக் கட்டணமும் வரியும் 300 வெள்ளி, கமிஷன் இல்லாத பகுதி 150 வெள்ளி என்று கொள்வோம். நூற்றுக்குப் பத்து என்றால் முகவருக்குக் கிடைப்பது 150 வெள்ளி அன்று, 105 வெள்ளிதான். கணவன் மனைவி இருவர் போனால் 210 வெள்ளி. விலை விசாரித்த நாளிலிருந்து நாம் திரும்பி வரும்வரை நம் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, கடப்பிதழைச் சரிபார்த்து, அறையை மாற்றிக் கொடுத்து அவர் சம்பாதிப்பது அதுதான்.

அந்தப் பணமும் முன்பணம் கட்டிய அன்றே அவர் பைக்கு வந்துவிடாது. பெரும்பாலும் முழுப் பணமும் கட்டிய பிறகுதான், சில நிறுவனங்களில் கப்பல் புறப்பட்ட பிறகுதான் வரும். பயணம் நடக்காவிட்டால் கமிஷனும் நிற்காது என்பது பொதுவான வழக்கம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காரணமாக உலகமெங்கும் உல்லாசக் கப்பல்கள் நின்றபோது, மாதக்கணக்கில் உழைத்து விற்ற சீட்டுகளுக்குக் கூலியில்லாமல் போன முகவர்கள் பலர். எல்லாரையும் கொள்ளைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

படியேறும் கமிஷன்

இனி, நாம் கவனமாக இருக்க வேண்டிய இடத்துக்கு வருவோம்.

நூற்றுக்குப் பத்து என்பது முதல் படிதான். ஓர் ஆண்டில் ஒரே நிறுவனத்தின் சீட்டுகளை அதிகமாக விற்கும் முகவருக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து என்று விகிதம் ஏறும். குறித்த அளவைத் தாண்டினால் அதற்கு மேலும் ஊக்கத்தொகை உண்டு. சிறு முகவர்கள் பலர் ஒரு பெரிய நிறுவனத்தின் கீழ் சேர்ந்து விற்பதும், கிடைக்கும் கமிஷனை அதனோடு பங்கிட்டுக்கொள்வதும் இதனால்தான்.

நம்முடைய உதாரணத்தில் ஒரு கப்பல் பத்தும் இன்னொரு கப்பல் பதினைந்தும் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் நமக்கு விலை 1,500 வெள்ளியே. முகவருக்கோ முதலாவதில் 105 வெள்ளி, இரண்டாவதில் 157 வெள்ளி 50 காசு. இருபது பேர் கொண்ட குழு போனால் வித்தியாசம் 1,050 வெள்ளி. நாம் போய், “ஐயா, எந்தக் கப்பல் நல்லது?” என்று கேட்டால் அவர் வாயில் எந்தக் கப்பலின் பெயர் முதலில் வரும்? அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது கப்பல் உண்மையிலேயே நல்ல கப்பலாக இருக்கலாம். ஆனால் நம் வீட்டுக்கு எது நல்லது என்ற கேள்விக்கும் அவருக்கு எது நல்லது என்ற கேள்விக்கும் பதில் எப்போதும் ஒன்றாக இருக்காது.

அறை விஷயமும் இப்படித்தான். ஜன்னல் இல்லாத உள் அறை மலிவு. கடல் தெரியும் அறையும் பால்கனி அறையும் விலை கூடியவை. அறைக் கட்டணம் ஏறினால் கமிஷனும் ஏறும். நாள் முழுதும் மேல்தளத்தில் பிள்ளைகளோடு சுற்றிவிட்டு இரவில் தூங்க மட்டும் அறைக்கு வரும் குடும்பத்துக்குப் பால்கனி எதற்கு? அந்தக் கேள்வியை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். பயணக் காப்புறுதிக்கும் கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாட்டுக்கும் தனித்தனிக் கமிஷன் உண்டு. காப்புறுதி தேவையானதுதான். கமிஷன் உண்டு என்பதற்காக அதை வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள். என்ன நேர்ந்தால் பணம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று கேட்டு வாங்குங்கள்.

பதினாறு பேருக்கு ஓர் இலவசம்

தோட்டத்து மக்கள் தனியாகப் போவது குறைவு. நாலு குடும்பம் சேர்ந்துதான் போவோம். ஆகவே குழுப் பயணத்தின் கணக்கை நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

பத்து, பதினைந்து அறைகளை ஒன்றாக எடுத்தால் கப்பல் நிறுவனங்கள் குழு விலை கொடுக்கும். அதோடு, பணம் கட்டிய குறிப்பிட்ட எண்ணிக்கைப் பயணிகளுக்கு ஒருவர் வீதம் இலவச இடமும் கொடுப்பது வழக்கம். பதினாறுக்கு ஒன்று என்பது பரவலான கணக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். இலவசம் என்றாலும் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் பெரும்பாலும் கட்டியே ஆக வேண்டும். அறைக் கட்டணம் மட்டும் இல்லை.

இந்த இலவச இடம் யாருக்கு? கப்பல் நிறுவனம் அதை முகவரிடம் கொடுத்துவிடும். முகவர் அதைக் குழுவைத் திரட்டியவருக்குக் கொடுக்கலாம், தாமே வைத்துக்கொள்ளலாம், அல்லது எல்லாருக்கும் பங்கிட்டு விலையைக் குறைக்கலாம். நம் உதாரணத்தில் 1,050 வெள்ளியைப் பதினேழு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு அறுபது வெள்ளிக்கு மேல் குறையும்.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில குடும்பங்கள் சேர்ந்து கப்பல் பயணம் போனார்கள். ஏற்பாடு செய்தவர் அவர்களில் ஒருவர்தான். நான்கு மாதம் அலைந்தார். வீடு வீடாகப் பணம் வாங்கி எழுதி வைத்தார், ஈப்போவுக்கு இறங்கி முகவரைப் பார்த்து வந்தார், கடப்பிதழ் முடிந்துபோனவர்களைக் குடிநுழைவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். பயணமும் குறையில்லாமல் நடந்தது. திரும்பி வந்து சில வாரங்கள் சென்றபின், அவர் அறைக் கட்டணம் இல்லாமல் வந்தார் என்ற செய்தி கசிந்தது. அவ்வளவுதான். “நம்ம தலையை வித்து இவன் கப்பல் ஏறினான்” என்று பேச்சுக் கிளம்பியது. அந்த ஆண்டுத் திருவிழாவில் இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.

யோசித்துப் பாருங்கள். முதல் நாளே அவர், “பதினாறு பேர் சேர்ந்தால் எனக்கு அறைக் கட்டணம் இல்லை, அதுதான் என் அலைச்சலுக்குக் கூலி, சம்மதமா?” என்று கேட்டிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? “போய்ட்டு வாங்க அண்ணே, நீங்க இல்லாட்டி யார் அலையுறது?” என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் வாங்கியது அதே காசுதான். சொல்லி வாங்கியிருந்தால் அது கூலி. சொல்லாமல் வாங்கியதால் அது திருட்டுப் போல ஆகிவிட்டது. நம் மக்களுக்குள் ஏற்பாடு செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதை முதல் கூட்டத்திலேயே, எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

விமானச் சீட்டுக்கு ஏன் தனிக் கட்டணம்?

“திருச்சிக்கு விமானச் சீட்டு எடுத்தால் மட்டும் ஏஜண்டு சேவைக் கட்டணம் என்று தனியாக வாங்குகிறாரே?” என்று சிலர் கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. ஒரு காலத்தில் விமான நிறுவனங்களும் முகவர்களுக்கு நூற்றுக்குப் பத்து என்று கொடுத்தவைதான். அமெரிக்காவில் டெல்டா விமான நிறுவனம் 1995-இல் அந்தக் கமிஷனுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. மற்ற நிறுவனங்களும் அதன் பின்னே போயின. 2002-இல் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் அடிப்படைக் கமிஷனையே நிறுத்திவிட்டன. மற்ற நாடுகளிலும் அது தேய்ந்துகொண்டே போயிற்று. நிறுவனம் கொடுக்காதபோது முகவர் நம்மிடம் கேட்கிறார். இதில் ஒளிவு இல்லை. பத்து வெள்ளியோ இருபது வெள்ளியோ, கண்ணுக்குத் தெரிகிறது. விமானச் சீட்டுக் கேட்டுப் போகிறவரிடம் முகவர் கப்பல் பயணத்தைப் பற்றி ஆசையாக எடுத்துச் சொல்வதற்கும் இதுவே காரணம். கமிஷன் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் கப்பல்.

அப்படியானால் முகவர் வேண்டாமா?

வேண்டும். நல்ல முகவர் வேண்டும். கைப்பேசியில் நாமே பதிவு செய்யலாம்தான். ஆனால் பெயரில் ஓர் எழுத்துக் கடப்பிதழோடு மாறினாலும், கடப்பிதழின் காலம் ஆறு மாதத்துக்குள் முடிவதாக இருந்தாலும், தாத்தாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றாலும், மரக்கறி மட்டும் உண்பவருக்குச் சொல்லி வைக்க வேண்டுமென்றாலும் விவரம் தெரிந்த ஒருவர் இருப்பது பெரிய உதவி. நேரே வாங்கினாலும் பெரும்பாலும் அதே விலை என்றால், அந்த உதவியை ஏன் விட வேண்டும்?

ஆனால் பணம் போகும் வழியைப் பாருங்கள். வழிகள் இரண்டு. ஒன்று, நம் பணம் நேரே கப்பல் நிறுவனத்துக்குப் போகும். நிறுவனம் பிறகு முகவருக்குக் கமிஷன் அனுப்பும். இன்னொன்று, நாம் முகவரிடம் கட்டுவோம். அவர் தம் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை நிறுவனத்துக்கு அனுப்புவார். இரண்டும் வழக்கத்தில் உள்ளவைதான். இரண்டாவது வழியில் நம் பணம் சில காலம் முகவர் கையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அவர் கடையை மூடினால்? அல்லது அனுப்பியதாகச் சொல்லி அனுப்பாமல் இருந்தால்?

இதற்கு ஓர் எளிய காவல் உண்டு. முன்பணம் கட்டியதும் கப்பல் நிறுவனத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முகவரின் ரசீது எண் அன்று, கப்பல் நிறுவனம் கொடுத்த எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தையே கூப்பிட்டு, “என் பெயரில் அறை இருக்கிறதா, எவ்வளவு பணம் வந்திருக்கிறது?” என்று கேட்கலாம். ஒழுங்கான முகவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

கப்பல் நிறுவனமே விழுந்துவிடுவதும் உண்டு. மலேசியர் பலர் அறிந்த ஸ்டார் குரூசஸ், டிரீம் குரூசஸ் கப்பல்களை நடத்திய கெந்திங் ஹாங்காங் நிறுவனம் 2022 ஜனவரியில் நொடித்துப்போய்க் கலைப்பு நடவடிக்கைக்கு மனுச் செய்தது. 1993-இல் தொடங்கிய பெரிய பெயர் அது. ஆகவே முழுப் பணத்தையும் கெடுவுக்கு முன்னரே கொண்டுபோய்க் கட்டி வைக்காதீர்கள். கேட்ட தேதிக்கு, கேட்ட தொகை போதும்.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

கீழே உள்ள கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அம்மாமார்களுக்கு மலாய் மொழியில் கேட்கக் கூச்சமாக இருந்தால், ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளையை அழைத்துப் போங்கள். பிள்ளைக்கும் அது நல்ல பாடம்.

1. “உங்கள் நிறுவனத்துக்கு உரிமம் உண்டா?” 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, பயண ஏற்பாட்டுத் தொழில் நடத்தச் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். வெளிநாட்டுப் பயணம் விற்க அதற்குரிய உரிமம் இருக்க வேண்டும். பெயரையும் எண்ணையும் வாங்கி அமைச்சில் சரிபாருங்கள்.

2. “பணம் யார் கணக்குக்கு?” நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்காக இருக்க வேண்டும். தனி ஆளின் கணக்கு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். “மச்சான் தெரிந்தவர்” என்பது உரிமம் ஆகாது.

3. “இந்த விலையில் எதெல்லாம் சேரவில்லை?” துறைமுகக் கட்டணம், பணியாளருக்கான நாள் சேவைக் கட்டணம், கப்பலில் குடிக்கும் பானங்கள், துறைமுகம் போய்வரும் பேருந்துச் செலவு. இவையெல்லாம் சேர்ந்தால் விளம்பர விலை வெகுவாக ஏறிவிடும். ஆளுக்கு இவ்வளவு என்ற விலை, ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கு. தனியாகப் போகிறவர் கூடக் கட்ட வேண்டும்.

4. “போக முடியாமல் போனால் எவ்வளவு திரும்பும்?” நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். தேதிவாரியாக எழுத்தில் வாங்குங்கள்.

5. “குழுவுக்கு இலவச இடம் உண்டா? அது யாருக்கு?”

6. “இதே விலையில் வேறு கப்பல் உண்டா? அதை விட்டு இதை ஏன் சொல்கிறீர்கள்?” இந்தக் கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். நல்ல முகவர் காரணம் சொல்வார். சாப்பாடு, நேரம், பிள்ளைகளுக்கான வசதி என்று ஏதாவது ஒன்றைக் காட்டுவார். காரணம் சொல்லத் தெரியாதவருக்குக் காரணம் கமிஷனாக இருக்கலாம்.

பணத்தை இழந்துவிட்டால் வாயடைத்து உட்கார்ந்துவிட வேண்டாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டணத்தில் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. கையில் ரசீது வேண்டும். அதனால் எந்தப் பணத்தையும் ரசீதில்லாமல் கொடுக்காதீர்கள். உரிமம் இல்லாதவர் என்றால் அமைச்சிலும், ஏமாற்று என்றால் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள்.

கேட்பது மரியாதைக் குறைவு அன்று

நம் மக்களிடம் ஒரு கூச்சம் உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம், “உங்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது?” என்று கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று பயப்படுகிறோம். நிறுவைக் கொட்டகையில் தராசின் முள்ளை எட்டிப் பார்ப்பது கிராணிக்கு அவமரியாதையா? நம் கொழுந்து, நம் எடை, நாம் பார்க்கிறோம். அவ்வளவுதான்.

நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் கங்காணியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் அவர்களில் பலருக்குத் திரும்பிப் போக வழியில்லை. பஞ்சமும் கடனும் பின்னாலிருந்து தள்ளின. நமக்கு அந்த நிலை இல்லை. எழுதப் படிக்கத் தெரியும், சட்டம் இருக்கிறது, வேறு கடைக்குப் போகக் கால் இருக்கிறது. கமிஷன் வாங்குபவர் வாங்கட்டும். உழைப்புக்குக் கூலி வேண்டும். அந்தக் கூலியை யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அவர் சொல்வதை அதற்கேற்ற எடையில் எடுத்துக்கொள்வோம். பிறகு பிள்ளைகளோடு சந்தோஷமாகக் கப்பல் ஏறுவோம்.